முதல் துப்பாக்கி தோளுக்குப் பொருந்த வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை பயிற்சித் திடலில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அதனால் சுற்றி வளைக்கவில்லை. வேட்டைக்கு முதல் துப்பாக்கி எது வாங்கலாம் என்று கேட்டு வந்த புதிய பெண்ணை, 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியான ‘பிரவுன் பெஸ்’ வாங்கச் சொன்னார் நம் குழுவின் பெரியவர். அது தவறு. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றி வெடிக்கும் இந்தத் துப்பாக்கிகளில் முதலாவதைத் தோளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவர் அதைத் தூக்கிப் பிடித்தபோது கவனித்தீர்களா? பின்கட்டை நீளம். தோள்குழியில் உட்காராமல் மேல்கைக்குச் சரிந்தது. நாலரைக் கிலோ கனத்தைத் தாங்க இடுப்பைப் பின்னால் வளைத்து நின்றார். விசைக்கு மேலே பொறி விழும் சிறு கிண்ணியில் மருந்து பற்றியதும் கண்களை இறுக மூடிக்கொண்டார். “பழகிவிடும்” என்றார் பெரியவர். பழகப் பழகக் கட்டை குட்டையாகிவிடுமா?

என் முதல் துப்பாக்கி 20 கேஜ் ஃபௌலர், அதாவது பறவை வேட்டைக்கென்று செய்யப்படும் இலகுவான துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தில் 20 குண்டு வார்க்கும் அளவு; ஏறத்தாழ 0.62 அங்குலக் குழல். உள்ளே புரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிப்பள்ளம், கிடையாது. அதனால் ரவை (சிறு ஈயமணிகள்) போட்டு முயலும் அணிலும் சுடலாம். கிறிஸ்துமஸ் முடிந்து, அமெரிக்காவில் நாம் இருக்கும் பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே வரும் மான் வேட்டைப் பருவத்தில், அதே குழலில் துணி சுற்றிய ஒற்றைக் குண்டு. 50 கஜத்துக்கு அப்பால் நான் மானைக் குறிவைப்பதில்லை. அதைச் செய்து தந்தவர் பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, மருந்தில்லாமல் விசையைத் தட்டிக் காட்டினார். வெள்ளைப் பொறி கொத்தாகக் கிண்ணிக்குள் விழுந்தது. பித்தளை வேலைப்பாட்டில் மயங்காதே, இந்தப் பொறியைப் பார்த்து வாங்கு என்றார். தோளுக்குப் பொருந்தும் கட்டை, நல்ல பொறி. முதல் துப்பாக்கிக்கு வேறென்ன வேண்டும்?

“18ஆம் நூற்றாண்டுப் படை வேடமிட்டு நடக்கும் அணிவகுப்புக்கு பெஸ்தானே சரி” என்பீர்கள். அணிவகுப்புக்குப் போகிறவர் தாராளமாக வாங்கட்டும். அந்தப் பெண் கேட்டது வேட்டைக்கு. 0.75 அங்குலக் குழல் மருந்தையும் ஈயத்தையும் அள்ளித் தின்னும். “அப்படியானால் ரைஃபிள் வாங்கலாமே” என்பவர்கள், புரியுள்ள குழலில் ரவை எப்படிக் கண்டபடி சிதறும் என்று ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

இதையெல்லாம் அங்கேயே பணிவாகத்தான் சொன்னேன். அதற்குப் பெரியவரிடமிருந்து கிடைத்த பதில், “இந்த நாட்டு வரலாறு உங்களுக்குப் புரியாது.”

எனக்கா புரியாது? பிரான்ஸுடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவம் அவசரமாக எடுத்துக்கொண்ட பெஸ், 39 அங்குலக் குழல் கொண்ட ‘இந்தியா பேட்டர்ன்’. அது முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டது. கம்பெனியின் மெட்ராஸ் படையில் அதைச் சுமந்த சிப்பாய்களில் என் மொழி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தத் துப்பாக்கியின் கனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் சொன்னதைக்கூட மறந்துவிடலாம். அன்று அங்கே சுற்றி நின்றவர்கள் என்னோடு வருடக்கணக்கில் சுட்டுப் பழகியவர்கள். ஒருவர்கூட எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.