48 அத்தியாயம் காக்கவைத்துவிட்டு ஒரே ஒரு பந்தி

ஜேன் ஆஸ்டின் திகதி சொல்ல மாட்டாராம். வாசிக்கிறவர்கள் அவரவர் விருப்பப்படி ஒரு காலத்தை வைத்துக்கொள்ளட்டுமாம். கதாநாயகன் எட்மண்டின் மனம் வேறொருத்தியை விட்டு கதாநாயகி ஃபேனியிடம் எந்த நாளில் மாறியது, அதை ஃபேனியிடம் எங்கே வைத்து என்னவென்று சொன்னான், கேட்டபோது அவள் முகம் எப்படிப் போனது, ஒன்றும் கிடையாது. மாறுவது இயல்பாக இருக்கக்கூடிய சரியான நேரத்தில், அதற்கு ஒரு கிழமைகூட முந்தாமல், மாறிவிட்டானாம். 1814இல் வெளிவந்த ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டின் இப்படித்தான் கையைக் கழுவியிருக்கிறார். தின்னவேலி வெயிலில், கரண்ட் போய் மின்விசிறியும் நின்ற மத்தியானங்களில், வியர்க்க வியர்க்க 47 அத்தியாயம் வாசித்துவிட்டு வந்தவளுக்கு இதுதான் பரிசு. பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

மெல்ல மெல்லச் சூடேறும் காதல் கதை என்றால் எனக்கு உயிர். ஸ்லோ பேர்ன் என்று யாராவது சொன்னால் போதும், எத்தனை பக்கம் என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஆனால் சூடு ஏற வேண்டும். இரண்டு பக்கமும் ஏற வேண்டும். இங்கே அடுப்பையே மூட்டாமல் உலையை ஏற்றிவிட்டு, கடைசியில் வந்து “சோறு வெந்துவிட்டது, எப்போது வெந்தது என்று கேட்காதே” என்கிறார்.

தொடக்கம் நல்ல தொடக்கம், அதையும் சொல்ல வேண்டும். பத்து வயதில் ஏழை வீட்டிலிருந்து பெரியம்மாவின் மாளிகைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை ஃபேனி, மாடிப்படியில் இருந்து அழுகிறது. எட்மண்ட் வந்து பக்கத்தில் இருக்கிறான். அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டும், தாள் இல்லை என்கிறாள். தாள் கொடுத்து, கோடும் அடித்துக் கொடுத்து, கடிதத்தை ஒட்டும்போது தன் காசிலிருந்து அரைக் கினியும் உள்ளே வைக்கிறான். இதை வாசித்தபோது, சரி, பிடித்துவிட்டார் என்று நிமிர்ந்து இருந்தேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெடியன் செய்வதெல்லாம் தான் விரும்பும் மேரி குரோஃபோர்டைப் பற்றி ஃபேனியிடம் கதைப்பது. ஃபேனி ஏறி ஓடித்திரியும் குதிரையை மேரிக்குக் கொடுத்துவிட்டு, ஒருத்தி இங்கே காத்திருக்கிறாள் என்பதையே மறக்கிறான். அண்ணன் தந்த சிலுவையைக் கோக்க ஃபேனிக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கிக்கொண்டு வருகிறான், நெஞ்சு கொஞ்சம் படபடக்கிறது, உடனே உலகத்தில் தனக்கு மிகப் பிரியமான இரண்டு பேர் நீயும் மேரியும் என்கிறான். விசரன்! இதற்கெல்லாம் மேலே, மேரியின் தமையன் ஹென்றி ஃபேனியைப் பெண் கேட்டபோது, அவனைக் கட்டு என்று அவளுக்குப் புத்தி சொல்ல வருகிறவனும் இவன்தான். இவனுக்காகத்தான் அவள் அவனை வேண்டாம் என்றாள்.

ஃபேனி இருக்கும் அறையில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது அவளுடைய மற்றப் பெரியம்மா திருமதி நோரிஸின் கட்டளை. இங்கிலாந்துக் குளிரில், அத்தனை பெரிய மாளிகையில், ஒரு பிள்ளைக்கு விறகு இல்லை. கடைசியில் அந்த அறையில் தினமும் நெருப்பு மூட்டச் சொல்லி உத்தரவு போடுகிறவர் யார்? பெரியப்பா சேர் தோமஸ். அதுவும் ஹென்றியைக் கட்டு என்று அவளை அழ அழ ஏசிவிட்டுப் போய்! அந்த அறைக்கு எத்தனையோ தரம் வந்துபோன காதலனுக்கு அடுப்பு வெறுமையாகக் கிடப்பது கண்ணில் படவே இல்லை.

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லப்போய் அங்கேயும் வாங்கிக்கட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டு பாதிவரை நல்லாய்த்தான் கேட்டா. 

“ஆரடி இந்தப் பெடியன்?”

“அவளின்ரை பெரியம்மாவின்ரை மகன்.”

“பெரியம்மாவின்ரை மகனோ? அப்ப அண்ணனெல்லே! உனக்கு வாசிக்க வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

துருவலை அந்தரத்தில் நின்றது. மச்சான் மச்சாள் என்றால் அம்மா இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பா. அவர்கள் ஊரில் அது முறைதான் என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. வேடிக்கை என்னவென்றால், முதல் அத்தியாயத்திலேயே திருமதி நோரிஸும் அம்மாவின் கட்சிதான். அண்ணன் தங்கை மாதிரி ஒன்றாய் வளரும் பிள்ளைகளுக்குள் அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று சேர் தோமஸுக்கு உறுதி கொடுக்கிறா. எட்மண்ட் 47 அத்தியாயத்துக்கு அந்த உறுதியைக் காப்பாற்றுகிறான். சகோதரப் பாசத்தைத் தவிர வேறு எதையும் அவனில் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ஒரே பந்தியில் மாப்பிள்ளை ஆக்கினால் எப்படி நம்புவது?

இதே கைதான் ‘பர்ஸுவேஷன்’ நாவலையும் எழுதியது. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது. 24 அத்தியாயம், சரி பாதி. ஆன் எலியட்டுக்கு 27 வயது. 19 வயதில் ஒரு கடற்படைக்காரனை விரும்பி, அம்மாவின் சிநேகிதி லேடி ரசல் சொன்னதைக் கேட்டு விலகியவள். கையில் காசில்லாத பெடியன், எதை நம்பிக் கட்டிக்கொடுப்பது? நல்லூரிலும் சுன்னாகத்திலும் எத்தனை வீட்டு விறாந்தையில் கேட்ட கதை இது. எட்டு வருஷம் கழித்து அந்தக் கடற்படைக்காரன் வென்ட்வொர்த் 25,000 பவுணோடு வந்து இறங்குகிறான், கட்டுவதற்குப் பெண் தேடுகிறான், ஆனைத் தவிர யாராக இருந்தாலும் சரி என்கிறான். கோபம் இன்னும் ஆறவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு காட்சி இருக்கிறது. சுகமில்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஆன் முழங்காலில் இருக்கிறாள். அந்தப் பிள்ளையின் தம்பி, இரண்டு வயதுக் குழப்படி, அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். அதட்டிப் பார்க்கிறாள், கெஞ்சிப் பார்க்கிறாள். திடீரென்று பாரம் குறைகிறது. யாரோ பின்னால் வந்து அந்தப் பிஞ்சுக் கையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது வென்ட்வொர்த் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவனும் அவள் நன்றி சொல்லிவிடக் கூடாது என்று பிள்ளையோடு சத்தம் போட்டு விளையாடுகிறான். இருவருக்கும் இடையில் ஒரு சொல் இல்லை. எனக்கு வாசிக்கும்போது காது சுட்டது. எட்மண்டின் அத்தனை பேச்சும் இந்த ஒரு பக்கத்துக்குக் காணாது.

கடைசியில் அந்தக் கடிதம். ஆண்களா பெண்களா நீண்டநாள் அன்பை மறக்காமல் இருப்பது என்று ஆன் இன்னொருவரோடு கதைக்க, அதே அறையில் இருந்து வேறு ஏதோ எழுதுகிற வென்ட்வொர்த்தின் கையிலிருந்து பேனை விழுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே, தன் மனதைச் சொல்லி அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். அந்தக் காட்சியை முதல் எழுத்திலேயே ஆஸ்டின் எழுதிவிடவில்லை. 1816 ஜூலையில் நாவலை வேறு முடிவோடு முடித்தார். அதில் வீட்டுக் குத்தகை பற்றி விசாரிக்க வந்த இடத்தில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். மனம் ஒப்பவில்லை. திரும்ப இருந்து எழுதி ஓகஸ்டில் மாற்றினார். விலக்கிய அத்தியாயங்களின் கையெழுத்துப்படி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஜூலையில் 41 வயதில் இறந்துபோனார், புத்தகம் அந்த டிசம்பரில்தான் வந்தது. ஒரு முடிவு சரியில்லை என்றால் உடைத்து எழுதத் தெரிந்த மனுசி. ஃபேனிக்கு மட்டும் அந்தப் பாடுபட மனம் வரவில்லை.

‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கை வாசி என்று தந்த மச்சாள் கம்பஸில் ஆங்கில இலக்கியம் படித்தவள். “நீ அதைக் காதல் கதையாய் வாசிச்சதுதான் பிழை, அது ஒழுக்கத்தைப் பற்றின நாவல்” என்கிறாள். சரி, இருக்கட்டும். ஒழுக்கத்தைப் பற்றியது என்றால் கலியாணத்தில் கொண்டுபோய் முடிப்பானேன்? ஹென்றி மட்டும் ஒழுங்காக நின்றிருந்தால், எட்மண்ட் மேரியைக் கட்டியபிறகு ஃபேனி ஹென்றிக்குத்தான் கிடைத்திருப்பாள் என்று அதே கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டினே எழுதுகிறார். எழுதியவருக்கே எட்மண்ட் கட்டாயம் இல்லை, எனக்கு ஏன் அவன்?

அந்த நாவலைப் பற்றிச் சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் சொன்னதையெல்லாம் ஆஸ்டின் எழுதி வைத்திருந்தார். அதில் அவருடைய அம்மாவின் கருத்தும் உண்டு: ஃபேனி சப்பென்று இருக்கிறாள், திருமதி நோரிஸை ரசித்தேன். இதில் எனக்கு அந்த அம்மாவோடும் சண்டைதான். சேர் தோமஸுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்று மாட்டேன் என்றவள் எப்படிச் சப்பை ஆவாள்? நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிட்டு வீட்டில் ஏச்சு வாங்கிய யாழ்ப்பாணத்துப் பெட்டையைக் கேட்டுப் பாருங்கள். சப்பை அந்தப் பாதிரிப் பெடியன் எட்மண்ட்தான். அவனுக்கு ஒருத்தியைக் கட்டிவைத்தே ஆக வேண்டும் என்றால் மேரியையே கட்டிவைத்திருக்கலாம். அவளுடைய வாய்க்கு நல்லாய் வாங்கியிருப்பான்.