டபிள்யூ15 ஜெயித்தால் 15,000 டாலரா?

"டபிள்யூ15 போட்டியில் ஜெயித்தால் பெண்ணுக்கு 15,000 டாலர், கூடவே உலகத் தரவரிசை" என்று சேலம் டென்னிஸ் பெற்றோரிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

டபிள்யூ15 என்பது பெண்கள் தொழில்முறை டென்னிஸின் அடிப்படிப் போட்டி. அதில் 15,000 என்பது ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்கும் சேர்த்த மொத்தப் பரிசு. ஒற்றையர் சாம்பியனுக்கே அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. முதல் சுற்றிலேயே தோற்றால் 150 டாலர் அளவில்தான், தரவரிசைப் புள்ளி பூஜ்யம். அதிலும் வரி பிடிப்பார்கள். ரயில், அறை, சாப்பாடு, ராக்கெட்டில் அறுந்த ஸ்ட்ரிங்கை மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. நகையை அடகு வைக்குமுன் ஒரு வருடச் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், தயவுசெய்து.

தரவரிசையில் பெயர் ஏற மூன்று போட்டிகளில் புள்ளி எடுக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளியாவது வேண்டும். எடுத்த புள்ளியும் 52 வாரத்தில் கழிந்துவிடும்.