வெபினாரில் மாணவருக்கு ஒரு வேலை கொடுங்கள்

வெபினார் எனும் இணையவழிக் கருத்தரங்கில், 2020 ஊரடங்கில் பிடித்த வழக்கம் நம் கல்லூரிகளை இன்னும் விடவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முதல்வர் உரை, துறைத்தலைவர் வாழ்த்துரை, பிறகு சிறப்பு விருந்தினரின் இரண்டு பக்கத் தன்விவரம். பேச வந்தவர் வாய் திறப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். மாணவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எழுந்து போவார், ஃபீட்பேக் லிங்க் வந்ததும் திரும்பிவந்து நிரப்பி இ-சர்டிபிகேட் வாங்கிக்கொள்வார். இதற்கு மாணவர்களைத் திட்டுவது நியாயமே இல்லை. உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை எதையும் நாம் கொடுப்பதில்லை.

உள்ளே வந்த 5 நிமிடத்துக்குள் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு பதிலைத் தட்டியிருக்க வேண்டும் என்பேன். அதற்குமேல் தள்ளினால் ஆள் கிடைக்கமாட்டார். விருந்தினர் அறிமுகத்தை அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம். வரவேற்புக்கு 2 நிமிடம் தாராளம்.

முதலில் எதில் நடத்துகிறீர்கள் என்று பாருங்கள். ஜூமில் 'மீட்டிங்' வேறு, 'வெபினார்' வேறு. வெபினாரில் பார்வையாளர் கேமரா போட முடியாது, ஹோஸ்ட் அனுமதித்தால்தான் பேசலாம், பிரேக்அவுட் ரூமும் (சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி அறை) கிடையாது. 60 பேர் படிக்கும் வகுப்புக்கு மீட்டிங்கே சரி. இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று வருத்தப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரே மூச்சில் கேட்க அதுவே அதிகம்.

இனி முக்கியமான விஷயம், கேள்வி. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை ஒன்று உண்டு. நேரடி வகுப்புக்காக வந்தது என்றாலும் திரைக்கு அப்படியே பொருந்துகிறது. மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? சுழியா, கீழ்நோக்கி 9.8 மீ/வி² ஆ? திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று பலர் நினைப்பார்கள். இப்படித் தடுக்கிவிழ இடமுள்ள கேள்விதான் வேண்டும். 'போல்' எனும் வாக்கெடுப்பைப் போட்டு ஒரு நிமிடம் தனித்தனியாக வாக்களிக்க விடுங்கள். முடிவை மட்டும் அப்போது காட்டாதீர்கள், காட்டினால் எல்லாரும் கூட்டம் சாய்ந்த பக்கமே சாய்வார்கள். சரியான விடை 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பாடத்தை மறுபடி நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போங்கள். இடையில் இருந்தால், மூன்று மூன்று பேராகப் பிரேக்அவுட் ரூமுக்கு அனுப்பி, ஒருவர் மற்றவரிடம் காரணம் சொல்லச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அதே கேள்விக்கு இன்னொரு வாக்கு, அதன் பிறகே உங்கள் விளக்கம்.

பிரேக்அவுட் ரூம் பெரும்பாலும் மௌனத்தில் முடிவதற்குக் காரணங்கள் உண்டு. ஐந்தாறு பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள். நீங்கள் பகிர்ந்த ஸ்லைடு பொதுவாக அந்த அறையில் தெரியாது, கேள்வியே மறந்துபோகும். எனவே அனுப்புவதற்கு முன்பே கேள்வியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அகரவரிசையில் யார் பெயர் முதலில் வருகிறதோ அவர் தொடங்கட்டும் என்று சொல்லி அனுப்புங்கள். போனில் அறை மாறவே ஒரு நிமிடம் ஆகும், ஆகவே 4 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடலாம். அதற்கு யாரும் "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. பதிலைச் சாட்டில் தட்டி வைத்துக்கொண்டு, "இப்போ அனுப்புங்க" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். முந்திக்கொள்ளும் இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது இதில் நடக்காது. தங்கிலீஷில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை, 3 வினாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். இணையத்தில் ஒலி வந்துசேரவும் மியூட் எடுக்கவும் நேரம் பிடிக்கும், மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

சர்டிபிகேட்டைக் கைவிடவே வேண்டாம். படிவத்தில் "நிகழ்ச்சி எப்படி இருந்தது" என்பதற்குப் பதிலாக, உரையின் நடுப்பகுதியிலிருந்து மூன்று கேள்விகள் வையுங்கள். ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) கோப்புக்கு வேண்டிய எண்ணிக்கையும் கிடைத்துவிடும்.

பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள். ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையாமலும் யுனிகோடிலும் இருக்கட்டும். பாமினியில் அடித்த பிபிடியை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். வீடியோ போடும்போது 'ஷேர் சவுண்ட்' டிக் செய்யாவிட்டால் படம் மட்டும் ஊமையாக ஓடும்.

கேமராவைக் கட்டாயமாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழக அரசே கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 600 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் முகம் காட்டினால், அனுப்புவதற்கு மட்டும் சுமார் 270 எம்பி போகும். குரல் மட்டும் என்றால் 40 எம்பியைத் தாண்டாது. ஒற்றை அறை வீட்டில் பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்ற கூச்சம் வேறு. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் ஜூம் களைப்புக்கு எடுத்துச்சொன்ன நான்கு காரணங்களில், தன் முகத்தையே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. பேசுபவரும் 'ஹைட் செல்ஃப் வியூ' போட்டுக்கொள்ளலாம்.

பேசுபவரே சாட்டையும் கவனிக்க முடியாது. ஒரு சக ஆசிரியரைக் கோ-ஹோஸ்ட்டாக்கி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடைமறித்துக் கேள்விகளை வாசிக்கச் சொல்லுங்கள். மீட்டிங்கை மூடும் முன் அவர் சாட்டைச் சேமித்துக்கொள்ளட்டும். விடுபட்ட கேள்விகளுக்கு மறுநாள் குழுவில் 2 நிமிடக் குரல்பதிவு அனுப்பினால், நெட் அறுந்து பாதியில் போனவருக்கும் பதில் போய்ச்சேரும்.