காவலர் அடித்ததற்கு இழப்பீடு கொடுப்பது யார்?

காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்ற செய்தி வெளியானால், அடுத்த சில நாள்களில் என்னென்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமார், நகை காணாமல்போன புகாரில் போலீசார் நடத்திய விசாரணையின்போது அடித்துக் கொல்லப்பட்டார். காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள்; வழக்கு சிபிஐ வசம் போனது; குடும்பத்துக்கு நிதியுதவி, தம்பிக்கு வேலை, வீட்டுமனைப் பட்டா ஆகியவை அறிவிக்கப்பட்டன; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மேலும் 25 லட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாக வழங்கச் சொன்னது. இவற்றில் ஒன்றுகூட வேண்டாதது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை இழந்த வீட்டுக்கு அரசு செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது. ஆனால், இந்தப் பணம் மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறதே தவிர, கை ஓங்கியவரின் சம்பளத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ வருவதில்லை என்பதை நாம் ஏன் பேசுவதே இல்லை?

உயிர் போனால்தான் இவ்வளவும் நடக்கிறது. உயிர் போகாத அடிக்கு என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பகுதியில் ஆட்டோ ஓட்டும் ஒருவரை இரவு முழுவதும் நிலையத்தில் உட்கார வைத்து அடித்து, காலையில் வழக்கு எதுவும் பதியாமல் அனுப்பிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் காவலர்கள் தாக்கியதாக எழுதச் சொல்லிக் கேட்டதற்கே அவர் அரை நாள் நிற்க வேண்டியிருந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அவர் கொடுத்த மனு, துணைக் கண்காணிப்பாளருக்குப் போய், அங்கிருந்து எந்த நிலையத்தில் அடி வாங்கினாரோ அதே நிலையத்தின் ஆய்வாளரிடம் விசாரணைக்கு வந்து சேர்ந்தது. அழைப்பு வந்தது, போனார், எழுத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். “மனு மீது மேல்நடவடிக்கை தேவையில்லை” என்று அவரே கேட்டுக்கொண்டதாக அதில் இருந்தது. தினமும் அந்த நிலையத்தைக் கடந்துதான் அவர் வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை மாற்றுவதற்கான உத்தரவு 2006 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையங்கள் வேண்டும் என்றும், அவற்றுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். காவல்துறைத் தலைமை இயக்குநர் அதில் உறுப்பினர். மாவட்டத்தில் தலைவர் ஆட்சியர். உறுப்பினராகக் காவல் கண்காணிப்பாளர். துறைக்கு எதிரான புகாரைத் துறையின் தலைவரே உட்கார்ந்து கேட்கும் அமைப்பைத் தன்னாட்சி ஆணையம் என்று எப்படி அழைப்பது?

துறையை விட்டுவிட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்கே போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கதவு திறந்திருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் போனால்தான் பூட்டுகள் தெரியும். அதிகாரியாகச் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்குத் தொடுக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி பொதுவாக இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் உண்டு. எனக்கு ஆத்திரத்தையே வரவழைப்பது காலவரம்புதான். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைப் புரோநோட்டின் பேரில் கேட்க மூன்று ஆண்டுகள் தருகிற நம் காலவரம்புச் சட்டம், சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும் பொய் வழக்குப் போட்டதற்கும் இழப்பீடு கேட்க ஓர் ஆண்டுதான் தருகிறது. சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயல் என்றாலும் அதே ஓர் ஆண்டுதான். காயம் ஆறி, பயம் தெளிந்து, ஒரு வழக்கறிஞரைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். 1859-ல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த மாவட்டக் காவல் சட்டத்தின் 53-ஆவது பிரிவோ, அந்தச் சட்டத்தின் கீழ் செய்த செயலுக்கு மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது. விசாரணை என்ற பெயரில் அடிப்பது அந்தச் சட்டத்தின் கீழ் செய்யும் செயலே அன்று, ஆகவே அந்தப் பிரிவின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று வேணுகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-லேயே தெளிவுபடுத்தியிருந்தும், அடி வாங்கியவர்தான் அதை ஒவ்வொரு முறையும் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் ஏழைகளுக்குக் கைகொடுத்தது, அடிப்படை உரிமை பறிக்கப்பட்டதாக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகக் கொடுக்கும் ரிட் மனுதான். ஒடிசாவைச் சேர்ந்த நீலாவதி பெஹரா என்ற தாய் 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 22 வயது மகனை 1987 டிசம்பர் 1-ஆம் தேதி போலீசார் அழைத்துச் சென்றார்கள். மறுநாள் அவனுடைய உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு தப்பி ஓடினான் என்பது போலீசாரின் விளக்கம். நீதிமன்றம் அதை நம்பவில்லை. 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. வாழும் உரிமை பறிக்கப்படும்போது, இறையாண்மையைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்றும் சொன்னது. மிகப் பெரிய தீர்ப்பு, ஐயமில்லை. ஆனாலும் அந்தத் தொகையையும் கொடுக்க வேண்டியது மாநில அரசுதான்.

மாநில மனித உரிமை ஆணையம் மட்டும் இதில் சற்று வேறுபடுகிறது. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, சம்பந்தப்பட்ட காவலரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று அது பல வழக்குகளில் பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரைதானே என்று அதை ஒதுக்கிவிட முடியாது, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இருக்கிற வழிகளில் எனக்கு நம்பிக்கை தருவது இது ஒன்றுதான். நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதைத் தயவுசெய்து எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் சாட்சியம் வேண்டும். அதுவோ அவர்கள் கையிலேயே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இரவெல்லாம் அடிக்கப்பட்ட நிலையத்தில் கண்காணிப்பு கேமரா இருந்தது. பதிவுகளைச் சேமிக்க ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவு தானாக அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள் என்பதை அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மடப்புரத்தில் உண்மையை வெளியே கொண்டுவந்ததோ, யாரோ ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் எடுத்த காணொளி.

நம் பங்கையும் சொல்லியாக வேண்டும். கையில் மாவுக்கட்டோடு ஒருவரின் படம் வந்ததும், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்ற விளக்கத்தைப் படித்துச் சிரித்து, அதைப் பகிர்ந்து மகிழ்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவர் ரவுடியாகவே இருக்கட்டும். தண்டிக்க வேண்டியது நீதிமன்றம். ரவுடியின் கையை முறிக்க நாம் கொடுத்த அனுமதிதான், கடையை மூட நேரமானதென்று ஒரு தந்தையையும் மகனையும் இழுத்துப் போகும் துணிச்சலாக மாறுகிறது.

தனிப்பட்ட பொறுப்பு என்று வந்தால் காவலர்கள் வேலை செய்யவே அஞ்சுவார்கள் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2020-ல் கொண்டுவந்த சட்டத்தில், தன் செயல் சட்டபூர்வமானது என்று நியாயமாக நம்பி நடந்துகொள்ளாத அதிகாரி, தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தானே கட்ட வேண்டும் என்றிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு முழுத் தொகையும் கிடைக்கிறது. தவறு செய்தவரின் பையும் தொடப்படுகிறது. சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை அஞ்சாமல் நடுவரிடம் சொன்னவரும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். நேர்மையாக வேலை செய்யும் அவரைப் போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட சட்டத்தால் எந்தக் கெடுதலும் வராது.

ஆகவே அடுத்த முறை சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது, உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இவற்றைக் கேளுங்கள்: புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக எப்போது வருவார்? காவலர்களிடமிருந்து வசூலிக்கச் சொன்ன இழப்பீட்டில் எவ்வளவு வசூலானது, எந்த மாவட்டத்தில், எத்தனை பேரிடம்? அந்தக் கணக்கை ஆண்டுதோறும் அவையில் வைப்பார்களா?