இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றது லெனினின் அண்ணன் அல்லர்

ரஷ்யப் பேரரசரான ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றதற்காக லெனினின் அண்ணன் தூக்கிலிடப்பட்டார் என்று சொல்லப்படுவது தவறு; ஆறாண்டு இடைவெளியுள்ள இரு நிகழ்வுகள் அதில் கலந்துவிட்டன. 1881 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் வெடித்த முதல் குண்டிலிருந்து தப்பிய ஜார், காயமுற்றவர்களைப் பார்க்க வண்டியை விட்டு இறங்கியபோது, ‘மக்கள் விருப்பம்’ என்ற இரகசிய அமைப்பைச் சேர்ந்த இன்னொருவர் வீசிய குண்டுக்குப் பலியானார். அதற்காகத் தூக்கிலேறிய ஐவரில், அத்தாக்குதலை வழிநடத்திய சோபியா பெரோவ்ஸ்கயாவும் ஒருவர். இந்தக் குழப்பத்தில் அவர் பெயரே மறைந்துபோவதுதான் எனக்குப் பெரும் வருத்தம். அப்போது லெனினின் அண்ணன் அலெக்சாண்டர் உல்யானொவ் சிம்பிர்ஸ்க் நகரில் படித்துக்கொண்டிருந்த 14 வயதுப் பள்ளி மாணவர். 1887-இல் அடுத்த ஜாரான மூன்றாம் அலெக்சாண்டரைக் கொல்லத் தீட்டிய சதியில்தான் அவர் பங்கேற்றார். குண்டுகளுடன் தெருவில் காத்திருந்த மாணவர்கள் முன்பே பிடிபட்டதால் அது நிறைவேறவில்லை. விலங்கியல் ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் பெற்றிருந்த அந்த 21 வயது இளைஞர், தோழர்கள் நால்வருடன் ஷ்லிசெல்பர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.