சவுக்குக் கட்டையும் ஒரு சாண் கத்தியும்

கடந்த சித்திரையில் பண்ருட்டிக்கு மேற்கே நண்பர் ஒருவரின் முந்திரித் தோப்பில் ஓர் இரவு தங்கியிருந்தோம். உடன் வந்திருந்த தம்பி ஒருவர், இணையத்தில் வாங்கிய புதுக் கத்தி ஒன்றை உறையிலிருந்து உருவினார். கால் அங்குலத் தடிப்பு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திருகி மூடிய திசைகாட்டி, பிடிக்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் என்று ஒரு மளிகைக் கடையே அதற்குள் இருந்தது. என் கையில் கைபேசியைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, காய்ந்த முந்திரிக் கட்டை ஒன்றின் மேல் கத்தியை வைத்து இன்னொரு கட்டையால் அதன் முதுகில் ஓங்கி அடித்தார். நான்காவது அடியில் அலகு கட்டையிலேயே நின்றுவிட்டது. பிடி மட்டும் அவர் கையோடு வந்தது. உள்ளே பார்த்தால், சுண்டு விரல் பருமன்கூட இல்லாத ஒரு திருகாணிதான் அலகையும் பிடியையும் அதுவரை சேர்த்து வைத்திருந்தது.

“டெஸ்ட்ல ஃபெயிலு” என்று சிரித்தபடி அவர் அதை அப்படியே பதிவேற்றினார். அந்தக் கத்தி தோற்க வேண்டிய கத்திதான். ஆனால், அது உடையாமல் தாங்கியிருந்தால் நாம் எதைத் தெரிந்துகொண்டிருப்போம் என்ற கேள்வி எனக்கு வீடு வந்து சேரும்வரை ஓயவில்லை. புஷ்கிராஃப்ட் என்று இன்று பலரும் பேசும் காட்டுக் கைவேலைக்காகக் கத்தி வாங்குகிற நம் பிள்ளைகள், கத்தியைச் சோதிப்பதென்றால் அதை வதைப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டையில் அடிப்பது, மரத்தில் எறிவது, பூட்டை நெம்புவது ஆகியவற்றைக் காட்டும் காணொளிகள்தான் அவர்களுக்குப் பாடப்புத்தகம்.

வதைத்துச் சோதிப்பதற்கும் ஓர் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்கக் கத்திக் கொல்லர்கள் சங்கத்தில் தேர்ச்சி பெற விரும்புகிறவர், தாம் அடித்த கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும்; பிறகு இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும்; அதன் பின்னும் அந்த வெட்டுவாய் கை மயிரை மழிக்க வேண்டும்; கடைசியில் அலகைப் பட்டறை வைஸில் இறுக்கி 90 பாகைக்கு வளைக்கும்போது அது ஒடியக்கூடாது. மிகக் கடுமையான சோதனைதான். ஆனால் அது கொல்லரின் கைப்பக்குவத்தை அளப்பதற்கென்றே அடிக்கப்பட்ட கத்தி. சோதனை முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்துவிடும். நாம் கத்தியை வாங்குவது அடுத்த பத்தாண்டுகளுக்கு வைத்துக்கொள்ள.

தவிர, கடலூர் மாவட்டத்தில் கத்தியை அடித்து மரம் பிளக்க வேண்டிய தேவை எத்தனை பேருக்கு வருகிறது? வீட்டுக்கு ஓர் அரிவாள் இருக்கிறது. தோப்பு வைத்திருப்பவரிடம் கோடாலியும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த வாரம் முழுக்க மரத்தை அறுத்தது ரம்பம். கிளையைக் கழித்தது அரிவாள். என் இடுப்பில் இருந்த சிறு கத்தி செய்ததெல்லாம் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தது, ஓலைக்கீற்றைச் சீராக்கியது, மின்கம்பி உறையைச் சீவியது, சாய்ந்த தென்னையின் இளநீரில் கண் திறந்தது ஆகிய சில்லறை வேலைகளே. அந்தச் சில்லறை வேலைகளை ஈரக் கையோடு, தூக்கமில்லாத கண்ணோடு, நாள் முழுதும் செய்ய முடிந்ததா என்பதுதான் அந்தக் கத்திக்கு நடந்த உண்மையான சோதனை.

என்னிடம் போன வாரம்வரை இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப்பக்கம் செய்யப்படும் வகை; சுமார் 10 சென்டிமீட்டர் அலகு, பிளாஸ்டிக் பிடி, கார்பன் எஃகு. மற்றொன்று நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு வெட்டும் கத்தி அடித்துத் தரும் பெரியவர் ஒருவரின் பட்டறையில், பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து செய்து வாங்கியது. நான் வரைந்து கொண்டுபோன படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “தம்பி, இத வச்சி மரம் வெட்டப் போறீங்களா, குச்சி சீவப் போறீங்களா? ஒண்ணச் சொல்லுங்க. ரெண்டும் சொன்னா ரெண்டும் வராது.” நான் இணையத்தில் மாதக்கணக்கில் படித்தவை அனைத்தையும் அவர் அந்த ஒரே பேச்சில் சொல்லி முடித்துவிட்டார். குச்சி சீவத்தான் என்றேன். படத்தில் ஆறு மில்லிமீட்டர் என்று நான் குறித்திருந்த முதுகுத் தடிப்பை அவர் மூன்றரையாகக் குறைத்தார்.

பட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவர் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். பல ஆண்டுகள் பாரம் சுமந்து மேலும் கீழும் ஆடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அப்படிப்பட்டது கணீரென்று ஒலிக்காமல் உடைந்த பானைபோல் ஒலிக்கும். அந்த எஃகில் ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பன் இருப்பதால், செஞ்சூட்டில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நன்றாகக் கடினப்படும். அப்படியே விட்டுவிட்டால் கல்லில் விழுந்தாலே வாய் விள்ளும். ஆகவே சுமார் 200 டிகிரிச் சூட்டில் மறுபடி வாட்டி அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். அவரிடம் வெப்பமானி எதுவும் இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வரும் தருணத்தைப் பார்த்து அடுப்பிலிருந்து எடுத்தார். தோய்ச்சல் சரியாக அமைந்ததா என்பதை அறிய அவர் அரத்தை அலகில் ஓட்டிப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து என் வழியில் பார்த்தேன்.

அந்த வழியை இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதற்கு எதையும் உடைக்க வேண்டியதில்லை. பழைய பித்தளைக் கரண்டி ஒன்றின் உருண்டைக் காம்பைச் சன்னல் ஓரத்தில் வைத்து, கத்தியின் வெட்டுவாயை அதன் மேல் சாணை பிடிக்கும் சாய்வில் வைத்து, மிதமாக அழுத்த வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், அழுத்தும் இடத்தில் வாய் மயிரிழை அளவு புடைத்துத் தெரியும். காம்பின் மேல் கத்தியை மெல்ல இழுக்கும்போது அந்தப் புடைப்பும் கூடவே ஓடி, அழுத்தம் விலகிய இடத்தில் மறைந்துவிட வேண்டும். மறையாமல் வளைந்தபடியே நின்றால் எஃகு மென்மை. பல் பல்லாக உதிர்ந்தால் அளவுக்கு மீறிய கடினம். வெளியில் பயன்படும் கத்திகள் பெரும்பாலும் எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 முதல் 60 வரை இருக்கும் என்பார்கள். அந்த எண்ணை அளக்கும் கருவி நம் வீட்டில் இல்லாத குறையை இந்தக் கரண்டிக் காம்பு ஓரளவுக்குத் தீர்த்து வைக்கிறது. பட்டறைக் கத்தியில் முனையிலிருந்து பிடிவரை புடைப்பு ஓடி மறைந்தது. பிடியை ஒட்டிய ஒரு விரற்கடை தூரத்தில் மட்டும் சற்றே தங்கியது. அந்த இடம் தோய்ச்சலில் முழுதாக நனையவில்லை போலும்.

அடுத்தது பிடி. இதைத்தான் யாரும் சோதிப்பதில்லை. என் இடது கட்டை விரலின் அடியில் உள்ள நான்கு தையல் தழும்பு இதற்குச் சாட்சி. இந்த இரண்டு கத்திகளுக்கும் முன்பு நான் வைத்திருந்த ஒரு கத்திக்கு, பளபளப்பாகத் தேய்த்து வார்னிஷ் பூசிய அழகான மரப்பிடி இருந்தது. விரல் முன்னே வழுக்காமல் தடுக்கும் மேடு மட்டும் இல்லை. இளநீர் வழிந்த கையோடு முனையைக் குத்தி அழுத்தினேன். கை முன்னே போய், கத்தி எதிர்க்கைக்கு வந்தது. அன்றிலிருந்து எந்தக் கத்தியை வாங்கினாலும் கையில் சோப்பு நுரை பூசிக்கொண்டு, அலகைத் துணியால் தடிப்பாகச் சுற்றிவிட்டு, பிடியைப் பற்றிப் பலகையின் மேல் முனையால் அழுத்திப் பார்க்கிறேன். அதன் பிறகு அரை மணி நேரம் விடாமல் ஒரு குச்சியைச் சீவுகிறேன். உள்ளங்கையில் எந்த இடம் முதலில் சிவக்கிறதோ அந்த இடத்தில் பிடி தவறாக இருக்கிறது என்று பொருள். பட்டறைக் கத்தியின் பிடியில் இரண்டு முறை உப்புத்தாள் போட்டேன். மோராக் கத்தியின் பிளாஸ்டிக் பிடி, பார்க்கப் பொம்மைபோல் இருந்தாலும், முதல் நாளிலேயே கையோடு ஒட்டிக்கொண்டது.

ஈர விறகில் தீ மூட்டுவதுதான் நம் பக்கத்துக்குத் தகுந்த பெரிய தேர்வு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியதையும், அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி வந்ததையும் கடலூர்க்காரர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோன நேரம் அது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வெந்நீர் வேண்டும். மாடியில் பந்தலுக்கென வாங்கி வைத்திருந்த சவுக்குக் கழிகள் மட்டுமே இருந்தன, அவையும் ஊறிப்போயிருந்தன. அரிவாள், கீழே தண்ணீர் புகுந்த அறையில் மாட்டிக்கொண்டது. அங்கேதான் நான் அதுவரை கேலி செய்துவந்த வேலையை நானே செய்தேன். மணிக்கட்டுப் பருமனுள்ள கழியை முழ நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்து, முடிச்சில்லாத துண்டாகப் பார்த்து, மோராக் கத்தியின் முதுகில் இன்னொரு கழியால் தட்டிப் பிளந்தேன். ஓங்கி அடிக்கவில்லை, தட்டினேன். சவுக்கு கடினமான மரம்தான், ஆனால் நேரான நாரோட்டம் உள்ள துண்டு ஐந்தாறு தட்டில் விரிந்தது. மேலே ஈரம் ஊறியிருந்தாலும் உள்வயிறு செம்பழுப்பாக, தொட்டால் வெதுவெதுப்பாக, உலர்ந்தே இருந்தது. அந்த உட்பகுதியைக் காலில் அண்டக்கொடுத்துச் சுருள் சுருளாக, அறுந்து விழாமல் நுனியிலேயே தங்கும்படி சீவினேன். தென்னையில் கிடைத்த பன்னாடையைக் கசக்கி அடியில் வைத்தேன். வழித்தால் பொறி தெறிக்கும் ஃபெரோ கம்பியைக் கத்தி முதுகின் கூர்மையான விளிம்பால் வழித்தபோது மூன்றாவது முறையில் பன்னாடை பிடித்தது.

இந்த ஃபெரோ கம்பியைப் பலரும் ஆதிகாலத்துச் சிக்கிமுக்கி என்று நினைக்கிறார்கள். அது சீரியம், லாந்தனம் முதலிய உலோகங்களோடு இரும்பு கலந்த உலோகக்கலவை. ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1903இல் கண்டுபிடித்தது. அதை வழிக்க முதுகு விளிம்பு செங்கோணமாக இருக்க வேண்டும். உருட்டித் தேய்த்த முதுகு எத்தனை விலை உயர்ந்ததானாலும் பொறி தராது. கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் முதுகில் நகத்தை வைத்து வழித்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அந்த முதுகு வேலை செய்யும்.

துருவைப் பற்றி நான் பிடிவாதமான கருத்து கொண்டவன். தேவனாம்பட்டினத்திலிருந்து வீசும் உப்புக் காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் செம்புள்ளி காட்டும். கடல் நீரில் நனைத்த துணியில் இரண்டு கத்திகளையும் சுற்றி மாடியில் வைத்துப் பார்த்தேன். விடியும்போது இரண்டுமே அம்மை போட்டதுபோல் கிடந்தன. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்க 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். அதற்கும்கூட உப்பில் நாள்பட ஊறினால் புள்ளி விழத்தான் செய்யும். ஆகவே, துடைக்கும் பழக்கம் இல்லாதவர் இந்தக் கரையில் கார்பன் எஃகு வாங்க வேண்டாம். யார் எத்தனை புகழ்ந்தாலும் வேண்டாம். பழக்கம் உள்ளவருக்கு முந்திரிப்பழம் உதவும். அதன் சாற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாக அலகில் படிகிறது. அன்று அந்தத் தோப்பில் நாலைந்து பழங்களை நறுக்கிவிட்டு, பத்து நிமிடம் துடைக்காமல் வைத்த பட்டறைக் கத்தி, மயில் கழுத்து நிறத்துக்கு வந்தது. அந்தப் படலம் இருக்கும் இடத்தில் செந்துரு தாமதமாகவே ஏறுகிறது. தோல் உறை அழகுதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரத்தைக் குடித்துக் கத்திக்கே ஊட்டும். அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறை நமக்குப் போதும்.

கூர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைவிட, போன கூரை எத்தனை நிமிடத்தில் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்றுதான் நான் பார்க்கிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்கும் பழைய நைலான் கயிற்றில் மணல் ஏறியிருக்கும். அதை இருபது முறை அறுத்தால் எந்தக் கத்தியும் மழுங்கும். பிறகு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, மெருகு படாத அடி வளையத்தில் தீட்டினேன். மோராக் கத்தியின் பட்டையான சாய்வு கல்லில் தானாகவே படிந்து உட்காருவதால் ஐந்து நிமிடத்தில் தாளை அறுத்தது. பட்டறைக் கத்திக்குக் கால் மணி நேரம் ஆயிற்று, அதுவும் நான் சாய்வைக் கண்டுபிடிக்கத் தடுமாறியதால்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை, உழவு போன்றவற்றுக்கென அமையாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுத விதிகளுக்குள் வருகின்றன. வனவிலங்கு சரணாலயத்துக்குள் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நான்கு அங்குலக் கத்தியானாலும் பேருந்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறாதீர்கள்; பையின் அடியில் துணி சுற்றி வையுங்கள்.

அந்தத் தம்பி போன வாரம் அழைத்து, “அண்ணே, அடுத்தது எத வாங்கலாம்?” என்று கேட்டார். மோராக் கத்தியையே அவரிடம் கொடுத்துவிட்டேன், அடிக்காமல் ஒரு மழைக்காலம் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பட்டறைக் கத்தி இப்போது எங்கள் வீட்டுக் கடல் பக்கத்துச் சுவரில், எண்ணெய் போடாமல், ஆணியில் தொங்குகிறது. ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகை தீபத்தன்று அதை எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.