ஒரு பவுடருக்கா இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு

சனிக்கிழமை என் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்கு மேக்கப் போட்டபோது நடந்ததைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்துவிட்டேன். "ஒரு பவுடருக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதையே இன்பாக்ஸில் கொஞ்சம் அன்பாகச் சொன்ன உறவினர்களும் உண்டு. நாலு நாள் போனால் கோபம் குறையும், அப்புறம் பதில் எழுதலாம் என்று இருந்தேன். குறையவில்லை.

மேடை வெளிச்சத்துக்கு மேக்கப் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பவுடர் போட்டது என் பிரச்சினையே இல்லை. மேக்கப் போட வந்த அக்கா என் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு தடவை போடணும், அப்பதான் தேவதை மாதிரி கலரா வரும்" என்றாரே, அதுதான் பிரச்சினை. என் மகளுக்கு ஐந்து வயது. வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவ அவள் விடவில்லை. "கழுவினா போயிரும்மா" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். காலையில் எல்லாம் தலையணை உறையில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து அழுதாள்.

இதைச் சொன்னதற்குத்தான் "சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும், நாலு நாளில் மறந்துடும்" என்று எழுதினீர்கள். அந்த நாலு நாளும் ஆகிவிட்டது. நேற்று அவள் எங்கள் மூன்று பேரையும் வரைந்தாள். அப்பாவுக்கு பிரவுன், எனக்கு பிரவுன், அவளுக்கு மட்டும் அந்த வெளிர் ஆரஞ்சு க்ரேயான். ஏன் என்று கேட்டேன். "இதுதான்மா ஸ்கின் கலர்" என்றாள். க்ரேயான் செய்யும் அமெரிக்கக் கம்பெனி க்ரேயோலா, இந்த நிறத்துக்கு 'ஃப்ளெஷ்' (சதை) என்று வைத்திருந்த பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் அதற்கு இன்னமும் ஸ்கின் கலர் என்றுதான் பெயர். யாருடைய தோல் அது? எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை.

குழந்தைக்குத் தெரியும். நாம் சொல்லிக் கொடுப்பதால் தெரியும். 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். நிறம் தவிர எல்லாம் ஒரே மாதிரியான பொம்மைகள். எது நல்ல பொம்மை என்று கேட்டதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். கடைசிக் கேள்வி, உன்னைப் போல இருக்கும் பொம்மை எது? அந்தக் கேள்வியில் சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். தலையணை உறையைப் பார்த்து என் மகள் அழுதபோது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

"கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று நம்ம ஊரிலேயே பழமொழி இருக்கே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இருக்கிறது அண்ணா. சின்ன வயதில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், நான் அழும்போதெல்லாம். ஆனால் 'கலரா இருக்கா', 'நிறமா இருக்கா' என்றால் வெள்ளையாக இருக்கிறாள் என்றுதானே இங்கே அர்த்தம்? நம் பேச்சில் நானும் என் மகளும் நிறமே இல்லாதவர்கள்.

என் அண்ணனும் நானும் ஒரே நிறம். வெயிலில் அலைந்து அவன் என்னைவிடக் கறுப்பாகத்தான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பத்தா என்னை உட்கார வைத்து கடலைமாவும் தயிரும் போட்டுத் தேய்ப்பார். அவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டால், "ஆம்பளப் பிள்ளைக்கு நிறம் எதுக்குடி" என்பார். எனக்கு அப்போது ஏழு வயது. நிறம் எனக்கு மட்டும் எதற்கு என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. யாரோ வந்து பார்ப்பார்கள், அவர்களுக்காக. ஏழு வயதில்.

மேக்கப் போட்ட அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று முதல் பதிவிலேயே சொல்லியிருந்தேன். அவரும் எங்கள் நிறம்தான். அவருக்கு யார் என்ன சொல்லி வளர்த்தார்களோ அதைத்தான் சொல்லியிருப்பார். "நீயும் லிப்ஸ்டிக் போடுறியே" என்று கேட்டவர்களுக்கு: போடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

எனக்கு அதிகம் வலித்தது சித்தப்பா எழுதியதுதான். "அழகை விடும்மா, பிள்ளையை அறிவாளியா வளர்" என்று. நல்ல மனதோடுதான் எழுதினீர்கள் சித்தப்பா. அந்த வழியையும் அடைத்து வைத்திருக்கிறோமே, அதை என்ன செய்வது? 2017-இல் அமெரிக்காவில் குழந்தைகளிடம் ஒரு ஆய்வு செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ரொம்ப ரொம்ப புத்திசாலியான ஒருவரின் கதையைச் சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் ஆண் குழந்தை ஆணையும் பெண் குழந்தை பெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டின. ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகளிடம் அது குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது பெண் பிள்ளைகள்தான் என்று அந்த வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தெரிந்தும்கூட, புத்திசாலி என்றதும் கை பல நேரம் ஆண் படத்துக்குப் போகிறது. என் மகளுக்கு வருகிற ஆவணியில் ஆறு முடிகிறது. எனக்கு இருக்கும் அவசரம் உங்களுக்கு ஏன் இல்லை?

போன பொங்கலுக்கு ஊரில் நம் வீட்டுத் திண்ணையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன் சித்தப்பா. அண்ணன் மகன் சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு என் மகளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். அதைப் பிடுங்கி, "பொட்டப்பிள்ள விளையாட்டு உனக்கெதுக்குடா" என்றது நீங்கள்தான். அவனுக்கு நாலு வயது. அதன்பிறகு அவன் அதைத் தொடவே இல்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, அவன் அப்பா அடுப்படியில் நிற்பதைப் பார்த்து "நீ ஏம்பா சமைக்கிற?" என்று கேட்டான். கேரளாவில் 2024-இல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவுகிற படத்தைப் போட்டார்கள். அதைப் பார்த்துப் பாராட்டி ஷேர் செய்ததும் நீங்கள்தான் சித்தப்பா. இப்படி எல்லோரும் பார்க்க எழுதுவது தப்பு என்று தெரிகிறது. நீங்களும் எல்லோரும் பார்க்கத்தான் எழுதினீர்கள்.

விழா போட்டோ ஏன் போடவில்லை என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஸ்டுடியோவிலிருந்து வந்தது. மேக்கப் போதாது என்று அவர்களும் கொஞ்சம் வெளுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத்தலையோடு அவள் சிரித்தபோது என் போனில் எடுத்தது ஒன்று இருக்கிறது. அதைத்தான் ஃபிரேம் போடக் கொடுத்திருக்கிறேன்.